அளக்கும் திறன் ஊருக்குள் வளர வேண்டும்

ஒரு மாவட்டத்தில் 600 பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்ததாக ஒரு தொண்டு நிறுவனம் ஆண்டறிக்கை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் வழங்கிய படம் இருக்கும். வருகைப் பதிவேடு இருக்கும். வாங்கிய தையல் இயந்திரங்களுக்கு ரசீது இருக்கும். கணக்கில் ஒரு ரூபாய்கூடப் பிசகியிருக்காது. ஆனால், ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் தையலில் சம்பாதிக்கிறார்கள், சம்பாதித்த பணம் யார் கையில் இருக்கிறது, பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டால் பல நிறுவனங்களில் பதில் கிடைக்காது. நேர்மைக் குறைவு இதற்குக் காரணமில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கவும், விடையைத் தேடி எடுக்கவும் அங்கே யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை.

திட்டம் நடக்கும்போதே அது நினைத்த வழியில் போகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவது கண்காணிப்பு. மக்கள் வாழ்க்கையில் மாற்றம் வந்ததா, வந்திருந்தால் அது நம் வேலையால் வந்ததுதானா என்று நிதானமாகக் கேட்பது மதிப்பீடு. தொண்டுத் துறையில் இரண்டையும் சேர்த்து ‘எம் அண்டு இ’ என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸெல் கோப்பை நிரப்பி, நிதி கொடுத்தவருக்கு அனுப்பிவைக்கும் ஒருவரின் வேலையாகவே அது பல அலுவலகங்களில் சுருங்கிவிட்டது. இந்தத் திறன் களப்பணியாளர் கையில் இருக்க வேண்டும், அதை அவர் தன் மொழியில் கற்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்கான முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

கொட்டாம்பட்டியில் தொடங்கிய கோடு

1980-இல் உலக வங்கியின் நிதியுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிற இடங்களுக்கு விரித்தார்கள். ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒரு மையம். அதை நடத்தியவர் உள்ளூரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை அவர் மாதந்தோறும் எடை போடுவார். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோட்டால் இணைப்பார். கோடு ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. கோடு படுத்துவிட்டாலோ கீழே சரிந்தாலோ அந்தக் குழந்தைக்கு 90 நாள் கூடுதல் சத்துணவு. எடை தேறியதும் உணவு நிறுத்தப்படும். ஏறத்தாழ 10 பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் எந்தக் குழந்தை ஏன் தேறவில்லை என்று பணியாளரோடு உட்கார்ந்து பேசக்கூடிய அளவுக்கு அந்த எண்ணிக்கை சிறியது.

இது அரசுத் திட்டம். என்றாலும், தொண்டுப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. அந்தப் பெண் எடுத்த அளவு, எடுத்த இடத்திலேயே ஒரு முடிவாக மாறியது. இந்தக் குழந்தைக்கு உணவு கொடுக்க வேண்டுமா, இந்தத் தாயிடம் இன்று என்ன பேச வேண்டும், யாரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை அந்தக் கோடு சொன்னது. சென்னைக்கும் டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் போன தகவல்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். தகவலைச் சேகரித்தவரே அதை முதலில் பயன்படுத்தினார். அதனால் தப்பாக எழுத அவருக்குக் காரணம் இருக்கவில்லை. தரவின் தரம் பற்றி இன்று நடக்கும் எத்தனையோ பயிலரங்குகள் இந்த ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன. தனக்குப் பயன்படாத படிவத்தை யாரும் அக்கறையோடு நிரப்ப மாட்டார்கள்.

1989-இல் முதல் கட்டம் முடிந்தது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு வயதுப் பிரிவுக்கு ஏற்ப மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது என்று உலக வங்கியின் மதிப்பீடு கணக்கிட்டது. இனி வருவதுதான் மதிப்பீட்டைக் கற்பவருக்கு முக்கியம். திட்டம் நடந்துகொண்டிருந்த 1982-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவுபடுத்தினார். ஊட்டச்சத்து மையம் இருந்த அதே கிராமங்களில் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு மதிய உணவும் கிடைக்கத் தொடங்கியது. அப்படியானால் குறைபாடு குறைந்ததற்கு எது காரணம்? எடை போட்டதா, மதிய உணவா, அந்த ஆண்டுகளின் மழையா, கூலி உயர்வா, தடுப்பூசியா? திட்டம் தொடங்கும் முன் எடுத்த எண்ணையும் முடிந்தபின் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பாருங்கள், எங்களால் வந்த மாற்றம்’ என்று சொல்லிவிட முடியாது. திட்டம் போகாத, ஆனால் மற்ற எல்லா வகையிலும் ஒத்த ஊர்களில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் நம் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வயிற்றுப்போக்கு வந்து எடை இறங்கிய குழந்தை, நோய் நின்றதும் கொஞ்சம் தானாகவே தேறும். மோசமான மாதத்தில் இருந்த குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து உணவு கொடுத்து, மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால், உணவே கொடுக்காவிட்டாலும் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டிருக்கும். கடனில் மூழ்கிய குடும்பங்கள், தேர்வில் கடைசியாக வந்த மாணவர்கள், வறட்சியில் வாடிய விவசாயிகள் என்று மிகவும் பின்தங்கியவர்களைத் தேர்ந்தெடுத்து உதவும் எல்லாத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். புள்ளியியல் பட்டம் இல்லாதவரும் இதை ஒரு பிற்பகலில் புரிந்துகொள்ளலாம். தமிழில், ஊர்ப் பெயர்களோடு, தெரிந்த குழந்தைகளின் அட்டைகளை வைத்துச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

வங்கதேசத்தில் தவறிய கண்ணி

தமிழ்நாட்டின் வெற்றியைப் பார்த்து, அதே மாதிரியில் 1995-இல் வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. அதே எடை, அதே அட்டை, தாய்மார்களுக்கு அதே போன்ற ஆலோசனை. 6 கோடி டாலர் அளவிலான திட்டம். 2003-இல் பிரிட்டனின் ‘சேவ் த சில்ரன்’ அமைப்பு வெளியிட்ட ஆய்வு, திட்டம் நடந்த பகுதிகளுக்கும் நடக்காத பகுதிகளுக்கும் குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றது. உலக வங்கி இதை ஏற்காமல் வாதிட்டது. பிறகு அந்த வங்கியின் தனி மதிப்பீட்டுப் பிரிவே 2005-இல் விரிவாக ஆராய்ந்து, விளைவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று கண்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்று அந்த 2005 ஆய்வு தேடிய விதம் எனக்குப் பெரிய மரியாதையைத் தந்தது. தாய்க்குச் சத்துணவு பற்றிச் சொல்லித்தந்தால் அவள் அதைக் குழந்தைக்குக் கொடுப்பாள் என்பது திட்டத்தின் நம்பிக்கை. ஆனால், கிராமப்புற வங்கதேசத்தில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி மாமியாரின் ஆளுகையில் இருந்தது. யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்பதை மருமகள் தீர்மானிக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்தது, செய்ய முடியவில்லை. பல வீடுகளில், மையத்தில் உணவு கிடைக்கிறதே என்று வீட்டில் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012-இல் வெளியான தங்கள் நூலில் இந்த இரு திட்டங்களையும் எடுத்து விவாதித்தார்கள். ஓரிடத்தில் பலித்தது என்பது இன்னோரிடத்தில் பலிக்கும் என்பதற்குச் சான்றாகாது என்பதை விளக்க, இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் இந்தக் கதை சொல்லப்படுகிறது. கொட்டாம்பட்டியில் தொடங்கிய கதை என்பது நம் சமூகப்பணி மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திட்ட முன்வரைவு எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘லாக்ஃபிரேம்’ என்ற நான்கு நெடுவரிசை அட்டவணையைச் சந்தித்திருப்பார்கள். 1969-இல் அமெரிக்காவின் யுஎஸ்எய்டு நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டது அது. முதல் மூன்று நெடுவரிசைகளான நோக்கம், குறியீடு, சான்று ஆகியவற்றைப் பாடுபட்டு நிரப்புவோம். நான்காவது நெடுவரிசையில் அனுமானங்களை எழுத வேண்டும். ‘மழை பொய்க்காது’, ‘அரசு ஒத்துழைக்கும்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு மூடிவிடுவது வழக்கம். வங்கதேசத் திட்டம் தோற்றது அந்த நான்காவது நெடுவரிசையில்தான். தையல் பயிற்சிக்குத் திரும்பினால், பயிற்சி எடுத்த பெண்ணை வேலைக்கு வெளியே அனுப்ப வீட்டார் சம்மதிப்பார்களா, அருகில் தைக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்களா, ஆயத்த ஆடைக் கடை வந்தபிறகு ரவிக்கையைத் தவிர வேறென்ன தைக்க வருகிறார்கள், இயந்திரம் பழுதானால் யார் சரிசெய்வார் என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட வேண்டும். எழுதியதோடு நில்லாமல், இரண்டாவது மாதமே போய்க் கேட்டுப் பார்க்கவும் வேண்டும். கண்காணிப்பின் மையப் பணியே இதுதான் என்பேன். வெளியிலிருந்து வரும் ஆலோசகரைவிட அந்த ஊரில் நடமாடும் களப்பணியாளர் இந்த வரிசையைப் பல மடங்கு நன்றாக நிரப்புவார். அவரை யாரும் கேட்பதில்லை என்பதே குறை.

அளந்தபின் யார் என்ன செய்கிறார்?

ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் ‘சேவா மந்திர்’ தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தது. ஆசிரியர்கள் அடிக்கடி வராமல் போனார்கள். பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து, குலுக்கல் முறையில் தேர்ந்த ஏறத்தாழ பாதிப் பள்ளிகளுக்குத் தேதியும் நேரமும் பதியும் கேமரா கொடுத்தார்கள். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு மாணவர் ஆசிரியரைப் படம் எடுக்க வேண்டும். வந்த நாட்களுக்கு ஏற்பச் சம்பளம். ஒப்பீட்டுப் பள்ளிகளில் 42 சதவீதமாக இருந்த ஆசிரியர் வராமை, கேமரா இருந்த பள்ளிகளில் 21 சதவீதம்.

அதே பகுதியில், அதே நிறுவனம், அரசு துணை சுகாதார நிலையங்களின் செவிலியர் வருகையைப் பதியும் முயற்சியிலும் இறங்கியது. நேரம் அச்சிடும் கருவி வைக்கப்பட்டது. வராவிட்டால் சம்பளம் குறையும் என்று சுகாதார நிர்வாகம் அறிவித்தது. முதல் சில மாதங்கள் வருகை நன்றாகவே கூடியது. பிறகு ‘விலக்கு நாள்’ என்ற பெயரில் நிர்வாகமே வராமைக்கு அனுமதி தரத் தொடங்கியது. 16 மாதங்களில் கருவி வைத்த நிலையத்துக்கும் வைக்காத நிலையத்துக்கும் வித்தியாசம் மறைந்துபோனது. முதல் முயற்சியில் அளவுக்கும் விளைவுக்கும் இடையே யாரும் குறுக்கே வரவில்லை. இரண்டாவதில் வந்தார்கள். கண்காணிப்பு முறையை வடிவமைக்கக் கற்கும் ஒருவர், எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது என்று யோசிக்கும் முன், இந்த எண்ணைப் பார்த்து யார் எப்போது எதை மாற்றுவார் என்று கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத குறியீட்டை அட்டவணையிலிருந்து நீக்கிவிடலாம். 80 குறியீடுகளைச் சுமந்து திரியும் திட்டங்களைவிட, எட்டைத் தொடர்ந்து பார்த்து விவாதிக்கும் திட்டம் மேலானது.

அளப்பதை எளிமையாக்கினால் எத்தனை பேர் அதில் பங்கேற்க முடியும் என்பதற்கு ‘பிரதம்’ அமைப்பின் ‘ஏசர்’ ஆய்வு சான்று. 2005-இல் தொடங்கிய அந்த ஆய்வில், சில நாள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். எழுத்து, சொல், ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை. எது வரை படிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். பல வீடுகளில் தாயும் தந்தையும் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், படித்துக்கொள்வான் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த நிமிடமே உண்மை தெரிந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை என்று நாட்டுக்கே தெரிந்தது இந்தத் தாளால்தான்.

கேட்டறிந்ததை ஊர் முன் படித்துக்காட்டும் துணிவும் கற்க வேண்டிய ஒன்று. 1994-இல் ராஜஸ்தானின் கோட்கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு நடத்திய பொது விசாரணையில் வேலைப் பட்டியல்களும் பில்களும் மக்கள் முன் உரக்க வாசிக்கப்பட்டன. வேலை செய்யாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஊராரே எழுந்து சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட இயக்கம் அது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சமூகத் தணிக்கை இடம்பெற்றதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. அரசிடம் வெளிப்படைத்தன்மை கேட்டுப் போராடிய தொண்டு நிறுவனங்கள், தங்கள் திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கையை அதே கிராம சபையில் வாசித்துக் காட்டுகின்றனவா? காட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எண்களோடு கதைகளும் வேண்டும். ஆனால், ‘கேஸ் ஸ்டடி’ என்ற பெயரில் நாம் எழுதுவது பெரும்பாலும் வெற்றி பெற்ற ஒருவரின் படமும் நன்றியும். 1990-களில் வங்கதேசத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு பணியாற்றிய ரிக் டேவிஸ் வேறு வழியைக் காட்டினார். மக்களிடம் கடந்த சில மாதங்களில் நடந்த முக்கியமான மாற்றம் எது, ஏன் அது முக்கியம் என்று கேட்பது. கிடைத்த கதைகளைக் களப்பணியாளர்கள் கூடி வாசித்து, எதைத் தேர்கிறோம், எந்தக் காரணத்தால் என்று எழுதி வைப்பது. கதை சொல்வதிலும் கேட்பதிலும் நம் ஊர்ப் பணியாளர்களுக்குப் பழக்கம் உண்டு. பயிற்சியைப் பாதியில் விட்டவரையும், கடனைக் கட்ட முடியாமல் குழுவிலிருந்து விலகியவரையும் தேடிப்போய் அதே கேள்வியைக் கேட்கும் ஒழுங்கை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

பணம் எங்கே, பாடம் எங்கே

மதிப்பீட்டுக்கான தேவை இப்போது சட்டத்தாலேயே கூடியிருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின் கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, இந்தக் கடப்பாடு முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களைச் சுயேச்சையான அமைப்பைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும். திட்டம் முடிந்து குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்பதும் விதி. நல்ல விதி இது. 2022-இல், அந்த ஆண்டின் சமூகப் பணிச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை இதற்குச் செலவிடலாம் என்றும் தளர்த்தினார்கள்.

அந்தப் பணம் இப்போது எங்கே போகிறது? பெருநகர ஆலோசனை நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர் கைக்கணினியோடு வருகிறார். நீண்ட கேள்வித்தாளை முடித்துக்கொண்டு போகிறார். அறிக்கை நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்குப் போகிறது. பதில் சொன்ன பெண்ணும், அவரை அறிமுகப்படுத்திய களப்பணியாளரும் அதைப் பார்ப்பது அரிது. இன்னொரு பக்கம், வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. இப்படிக் கை இறுகும்போது பணியாளர் பயிற்சிக்கு ஒதுக்கிய தொகை எளிதில் பலியாகிறது.

கற்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. குலுக்கல் முறை ஒப்பீட்டு ஆய்வுகளை உலகம் முழுவதும் பரப்பிய ‘ஜே-பால்’ அமைப்பின் தெற்காசிய மையத்துக்குச் சென்னையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. இணையத்தில் கட்டணமில்லாப் பாடங்கள் இருக்கின்றன. தகவல் சேகரிக்க ‘கோபோ டூல்பாக்ஸ்’ போன்ற இலவச மென்பொருளில் கேள்வித்தாளைத் தமிழிலேயே அமைக்கலாம். சாதாரண ஆண்ட்ராய்டு போனில், இணைப்பு இல்லாத மலைக்கிராமத்திலும் அது வேலை செய்யும். ஆனால், பாடங்கள் அநேகமாக ஆங்கிலத்தில். அவற்றின் உதாரணங்கள் கென்யாவிலிருந்தும் பெருவிலிருந்தும் வருகின்றன. பத்தாண்டுகளாகக் கிராமத்தில் வேலை செய்து, யார் வீட்டில் எப்போது அடுப்பு எரியாது என்று அறிந்த ஒருவர், ஆங்கிலம் வராத காரணத்தால் இந்தத் திறனுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். பட்டம் முடித்து ஆறு மாதம் ஆன ஒருவர் நகரத்திலிருந்து வந்து அவரிடம் படிவம் கொடுக்கிறார்.

சமூகப்பணித் துறைகள் உள்ள தமிழ்நாட்டுக் கல்லூரிகளும், காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் போன்றவையும் இதை மாற்ற முடியும். ஊட்டச்சத்துத் திட்டத்தின் இரு நாட்டு அனுபவம், உதய்பூரின் இரண்டு கருவிகள், ஏசரின் ஒற்றைத் தாள் ஆகியவற்றைத் தமிழில் பாடமாக எழுத வேண்டும். களப்பணியாளர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பை வார இறுதிகளில், மாவட்டத் தலைநகரங்களில் நடத்த வேண்டும். பட்டப்படிப்பு கேட்காமல் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் திட்டத்தின் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மாதிரியைத் தேர்ந்து, ஒப்பீட்டு ஊர் ஒன்றைக் கண்டு, விடை தேடி, அதை அந்த ஊரில் வாசித்துக் காட்டியபின் சான்றிதழ் தர வேண்டும்.

நிதி தரும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இது பலிக்கவில்லை, இந்தக் காரணத்தால்’ என்று ஒரு தொண்டு நிறுவனம் எழுதும்போது அடுத்த தவணையை நிறுத்தாதீர்கள். அப்படி எழுதியவரிடம்தான் உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. தொண்டு நிறுவனத் தலைவர்களே, அடுத்த நிதியாண்டுக்கான முன்வரைவை எழுத உட்காரும்போது, அந்த நான்காவது நெடுவரிசையைக் காலியாக விட்டு உங்கள் களப்பணியாளர்களிடம் கொடுங்கள். அவர்கள் நிரப்பித் தந்தபின் பட்ஜெட் போடுங்கள்.